ரிலே ‘டிக்’... மனசு ‘திக்’!

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்)



மலரில் எழுதுபவர்கள் எல்லோரும் புராஜெக்ட் ஜெயித்த கதையைத்தான் எழுதுவார்கள். நான் முதலில் என் புராஜெக்ட் தோற்ற கதையை எழுதுகிறேன். ஜூனியர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

எங்கள் கிணற்று மேட்டில் ஒன்றரை ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டுக்கும், இரண்டு மாட்டுக்கும், கொஞ்சம் காய்கறிக்கும் அந்தத் தண்ணீர்தான். போன கோடையில் தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிட்டது. திரும்பக் காயில் கட்ட ஒரு ஆட்டை விற்றோம். அன்றைக்கே முடிவு செய்தேன், தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கன்ட்ரோலர்தான் என் புராஜெக்ட் என்று.

ஏடி89எஸ்52 மைக்ரோ கன்ட்ரோலர், கிணற்றுக்குள் சென்சார் ஒயர், 12 வோல்ட் ரிலே ஒன்று. ரிலே இழுத்தால் ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் ஓடும். லேபில் மோட்டாருக்குப் பதில் 40 வாட் பல்பை மாட்டி, பக்கெட் தண்ணீரில் சென்சாரை விட்டு விட்டு எடுத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நண்பர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

வீட்டில் அப்பா சூடம் காட்டி சுவிட்சைப் போட்டார். ரிலே ‘டிக்’, கான்டாக்டர் ‘டக்’. தண்ணீர் கொட்டியது. புராஜெக்ட் வெற்றி என்று நான் டீ குடிக்கப் போய்விட்டேன். புரோகிராம் ஓடுகிறது என்று காட்ட சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டிய எல்.இ.டி. அணைந்து போனதை நான் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா ஓடி வந்தார். “கண்ணு, மோட்டாரு சத்தம் மாறிடுச்சு. நிக்கவே மாட்டீங்குது!” என்று சொல்லிக்கொண்டே மெயினை இறக்கினார். பம்பைத் தொட்டால் கை சுட்டது. தண்ணீர் எப்போதோ இறங்கியிருந்தது. அப்பா மட்டும் காது கொடுத்திருக்காவிட்டால் இன்னொரு ஆடு போயிருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. போர்டைக் கழற்றித் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மின்காந்த இடையூறு என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். அது நம் வீட்டுக் கிணற்று மேட்டில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஷீல்டு போட்டால் போதும் என்று போர்டை பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான். இடையூறு காற்றில் வரவில்லை, டப்பாவுக்குள் போகும் ஒயர்களில் வந்தது!

கடைசியில் எங்கள் சாரிடம் போர்டைக் கொண்டு போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கரண்ட் போற வழியெல்லாம் சரியா காட்டுற. திரும்பி வர்ற வழி எங்கேப்பா?”

அப்போதுதான் கிரவுண்டு லைனை விரலால் தொடர்ந்து பார்த்தேன். இடம் கிடைத்த பக்கமெல்லாம் மெல்லிய கோடாக வளைந்து, ரிலேயைச் சுற்றி, பிறகுதான் ஐ.சி.க்கு வந்தது. சர்க்யூட் படத்தில் கிரவுண்டு என்று ஒரு குறி போட்டுவிடுகிறோம். ஆனால் போர்டில் அது ஒரு கம்பி. ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோ ஹென்றி இண்டக்டன்ஸ் அதற்கு உண்டு. 10 சென்டிமீட்டர் என்றால் 100 நானோ ஹென்றி. அதில் ஒரு ஆம்பியர் 10 நானோ செகண்டில் மாறினால் எவ்வளவு வோல்ட் என்று சார் போடச் சொன்னார். போட்டேன். 10 வோல்ட்! என் ஐ.சி. ஓடுவதே 5 வோல்ட்டில்தான்.

அந்த வேகமான கரண்ட் எங்கிருந்து வந்தது? ரிலே மூடும்போது அதன் கான்டாக்ட் சில தரம் துள்ளும். கான்டாக்டரின் காயில் சேர்த்து வைத்த சக்தி ஒவ்வொரு துள்ளலிலும் பொறியாக வெடிக்கும். ரிலே காயிலுக்கு 1என்4007 டயோடு போட்டிருந்தேன். கான்டாக்டர் காயிலுக்கு எதுவும் போடவில்லை. அது ஏ.சி. காயில், டயோடு போடவும் முடியாது. போதாததற்குச் சென்சார் ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் விட்டிருந்தேன். லேபில் மாட்டிய பல்பில் காயிலும் இல்லை, பொறியும் இல்லை. அதனால்தான் அங்கே கை தட்டல்!

போர்டைப் புதிதாகப் போட்டேன். ரிலேயின் கிரவுண்டு தனியாக சப்ளைக்குத் திரும்பியது. மிச்சமிருந்த காப்பரை எல்லாம் அகலமான கிரவுண்டாகவே விட்டேன். இந்த ஐ.சி.யில் 5 வோல்ட் 40-ஆவது காலிலும் கிரவுண்டு 20-ஆவது காலிலும், எதிரெதிர் மூலையில் இருக்கின்றன. எனவே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கபாசிட்டரை ஐ.சி.க்கு அடியிலேயே, கால்கள் குட்டையாக வைத்தேன். “தூரத்துல 470 மைக்ரோ இருக்கே சார்?” என்றேன். “ஊர்க்கோடியில தண்ணித் தொட்டி இருந்தாலும், அடுப்படியில ஒரு குடம் வேணுமில்ல?” என்றார். கிரிஸ்டலை ஐ.சி.க்கு ஒட்டி நகர்த்தினேன். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோ எக்ஸ்2 ரகக் கபாசிட்டரையும் வரிசையாகப் போட்டேன். சென்சார் ஒயர்களை முறுக்கித் தனிப் பைப்பில் விட்டேன். புரோகிராம் நின்றால் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கையும் எழுப்பிவிட்டேன்.

ஒரு வேடிக்கை. மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பழைய போர்டின் பக்கத்தில் வைத்தால் ‘கொர்’ என்று இரைந்தது. புதிய போர்டின் பக்கத்தில் வைத்தால் சத்தம் பாதிகூட இல்லை. இடையூறை உள்ளே விடாத போர்டு வெளியேயும் குறைவாகத்தான் விடும். வானொலியைக் காப்பாற்றத்தான் 1934-லேயே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் 1996 முதல் மின்னணுச் சாதனங்கள் இந்த விதிகளுக்கு உட்பட்டால்தான் விற்பனைக்கே வர முடியும். நம் சென்னையிலும் சமீர் நிறுவனத்தில் இதற்கான பரிசோதனைக் கூடம் இருக்கிறது. வேலைக்குப் போகும் நாம் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

புதிய போர்டை மாட்டிய அன்று அப்பா சூடம் காட்டவில்லை. பக்கத்திலேயே நின்றார். நானும் டீ குடிக்கப் போகவில்லை. ரிலே ‘டிக்’ என்றது, எனக்கு ‘திக்’ என்றது. எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் இறங்கியதும் மோட்டார் தானாக நின்றது.

என்ன மாற்றினேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். “இதுக்கா கண்ணு இத்தனை நாளு? தண்ணி பாயிறதுக்கு வாய்க்கா வெட்டுனா, வடியிறதுக்கும் வழி வெட்டோணும். இல்லாட்டி வயல்ல தேங்கி நிக்கும்.”

ஜூனியர்களே, போர்டு போடும்போது 5 வோல்ட் லைனுக்கு முன்னால் கிரவுண்டை வரையுங்கள். லேபில் பல்பை வைத்துச் சோதித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்!