கவாய் எறிந்த பந்தும் சித்திரைத் தண்ணீர்ப்பந்தலும்

“இஞ்ச ஆர் பட்டினி கிடக்கினம்?”

எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் நான் மதிக்கும் ஓர் அண்ணை. ஊரில் தகப்பனை இழந்த பிள்ளைகள் சிலரின் படிப்புச் செலவை வருடக்கணக்காகத் தாங்கி வருகிறவர். அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சங்கத்தின் இளையவர்கள் ஒரு யோசனையோடு வந்திருந்தார்கள். சித்திரையில் கூடைப்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டங்கள் வரும்போது மண்டபத்தில் பெரிய திரை கட்டி எல்லோரும் சேர்ந்து ராப்டர்ஸ் ஆட்டம் பார்ப்பது. வருகிற ஒவ்வொருவரும் உணவு வங்கிக்கு ஏதாவது கொண்டுவருவது. அடுத்த சனிக்கிழமை அங்கேயே போய் வேலை செய்வது. அண்ணைக்குப் பிடிக்கவில்லை. “பந்து பாக்கிறதையும் தொண்டையும் ஏன் ஒண்டாக் குழைக்கிறியள்? முதல்ல எங்கட சனத்துக்குச் செய்வம். கனடாக்காரனைக் கனடா பாக்கும்” என்றார். பலர் தலையாட்டினார்கள். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

எனக்கு மனம் ஆறவில்லை. கேள்வி நேர்மையாகக் கேட்கப்பட்டது, ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். ரொறன்ரோவின் பெரிய உணவு வங்கியான டெய்லி பிரெட் 1983இல் தொடங்கியது. கொஞ்சக் காலத்துக்கென்றுதான் தொடங்கினார்கள். இன்றுவரை மூட முடியவில்லை. இந்த நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நம்பியிருக்கிறார்கள் என்று அவர்களின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. வேலை இல்லாதவர்கள் மட்டும் வருவதில்லை. முழுநேர வேலை செய்து, வாடகை கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாதவர்கள் வருகிறார்கள்.

சனிக்கிழமைகளில் நான் நிற்கும் இடம் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற். நீள மேசையில் ரின்களைக் கொட்டித் திகதி பார்ப்போம். விளிம்பில் நசிந்த ரின் குப்பைக்கு, நடுவில் நசிந்தது பரவாயில்லை. கடலை ஒரு பெட்டி, மீன் ரின் ஒரு பெட்டி, குழந்தைப் பால்மா தனியே. போன வசந்தத்தில் ஒரு நாள், முதியோர் இல்லமொன்றின் சீருடையோடு ஒரு பெண் வரிசையில் வந்தார். சூப் ரின் இரண்டைத் திருப்பி வைத்துவிட்டு, “அரிசி இருக்கோ?” என்று தமிழில் கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அரிசியும் மைசூர்ப்பருப்பும் போட்டுக் கொடுத்தேன். பையை வாங்கிக்கொண்டு, “அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவன் திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்த மாணவன். அவனுக்குப் பின்னால் ஒரு சோமாலியத் தாய். எங்கட சனம் எது, கனடாக்காரன் எது என்று அந்த வரிசையில் அண்ணை எப்படிப் பிரிப்பார்?

இனி, பந்தையும் தொண்டையும் குழைப்பது பற்றி. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவின் அல்மொன்ற் பகுதிக்காரர். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் கூடத்தில் பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் ஆணியடித்து ஆட்டத்தைத் தொடங்கினார். சமூகப் பணிக்கென்று இளைஞர்களைப் பயிற்றிய இடம் அது. ஆக, பந்தும் தொண்டும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. பிறகு பிரித்தவர்கள்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோ ராப்டர்ஸ் 1995இல் ஆடத் தொடங்கிய அணி. எங்கள் சனம் ஸ்காபுரோவின் அடுக்குமாடிகளை நிரப்பிய காலமும் அதுதான். இந்த நாட்டின் பெருமை ஐஸ் ஹொக்கி. ஆனால் ஹொக்கிக்குச் சப்பாத்து, கவசம், மட்டை, விடியற்காலையில் பிள்ளையை ஏற்றிப்போக ஒரு கார், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வுள்ள தகப்பன் வேண்டும். தகப்பன் இரவு தொழிற்சாலையிலும் பகல் உணவகத்திலும் நின்ற வீடுகளில் இது நடக்கிற காரியமில்லை. கூடைப்பந்துக்கு ஒரு பந்து போதும். வளையம் அடுக்குமாடியின் பின்பக்கத்தில் இருந்தது. தமிழ்ப் பிள்ளை, ஜமெய்க்கப் பிள்ளை, பிலிப்பைன்ஸ் பிள்ளை எல்லோரும் அங்கேதான் வளர்ந்தார்கள். வின்ஸ் கார்ட்டரின் பெயர் போட்ட ஊதா நிற உடுப்புக்காக அழுத பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஹொக்கி எங்களை வெளியே நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னது. ராப்டர்ஸ் ஆட்டத்தில் நாங்கள் முதலிலிருந்தே உள்ளே இருந்தோம்.

இந்த அணியைப் பற்றிப் பேசும்போது என் மனம் எப்போதும் ஓடிப்போய் நிற்கும் இடம் ஆடுகளமில்லை. கூடைக்குப் பக்கத்து முன்வரிசையில் வெள்ளைத் தலைப்பாகையோடு நின்று கையை ஆட்டும் அந்தச் சீக்கியர்: நவ் பாட்டியா. 1995இல் நடந்த முதல் ஆட்டத்திலிருந்து உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்த்தவர். 2021 டிசம்பரில் கொரோனாத் தொற்றுக்கு அருகே இருந்ததால்தான் முதன்முறை வீட்டில் இருக்க நேர்ந்தது. இதைச் சாதனை என்பார்கள். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறு.

அவர் படித்த பொறியியலாளர். டில்லியில் சீக்கியர்களைத் தெருவில் எரித்த 1984இல் கனடாவுக்கு வந்தார். கொழும்பில் எங்களை எரித்தது 1983 ஆடியில். ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு நெருப்பு, இரண்டு சனம், வந்து சேர்ந்தது ஒரே நகரம். படித்த வேலை அவருக்கும் கிடைக்கவில்லை, எங்களுக்கும் கிடைக்கவில்லை. அவர் கார் விற்கப் போனார். மூன்று மாதத்தில் 127 கார் விற்றார். பின்னாளில் அந்த விற்பனை நிலையத்தையே வாங்கினார். இதுவரை எங்கள் சனத்தின் வெற்றிக் கதையும் இதே மாதிரிதான் போகும். வீடு, கடை, கல்யாண மண்டபம், பிள்ளை டொக்டர்.

இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. வசதி வந்த பிறகும் ஒரு கடைக்குள் போன இடத்தில், தலைப்பாகையைக் கண்ட ஒருவர் அவரை டாக்ஸிக்காரர் என்றே நினைத்துவிட்டார். இதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி அவமானம் எங்களில் யாருக்கு நடக்கவில்லை? நாங்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் மொழியில் ஆற்றிக்கொண்டோம். அவர் ஆயிரக்கணக்கில் ராப்டர்ஸ் டிக்கெட் வாங்கினார். சீக்கியரின் வைசாக்கித் திருநாள் காலத்து ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். சீக்கியப் பிள்ளைகளை மட்டுமில்லை; எல்லா நிறமும், எல்லாச் சமயமும். பக்கத்துக் கதிரையில் தலைப்பாகை கட்டிய பிள்ளையோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்திய பிள்ளை, வளர்ந்த பிறகு தலைப்பாகையைக் கண்டு மிரளாது என்று அவர் கணக்குப் போட்டார். 2019இல் அணி கோப்பை வென்றபோது வீரர்களுக்குக் கொடுத்த வெற்றி மோதிரம் அவர் விரலுக்கும் வந்தது. 2021இல் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஒரு ரசிகராகவே அவரைக் கௌரவித்தது.

வைசாக்கியும் எங்கள் வருடப்பிறப்பும் அநேகமாக ஒரே நாளில், ஏப்ரல் 14இல் வருகின்றன. அந்த மாதத்தில் சீக்கியர்கள் நகரத்தின் நடுத்தெருவில் ஊர்வலம் போவார்கள். வழி நெடுக லங்கர், யார் வந்தாலும் சாப்பாடு. நாங்கள் அன்று கோயிலுக்குப் போய்க் கைவிசேடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

வருகிறவருக்கெல்லாம் கொடுப்பது எங்களுக்குத் தெரியாத பழக்கமா என்ன? இந்த இடத்தில் நான் ஊர்ப்பக்கம்தான் நிற்பேன். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்து கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல விதி. கையெழுத்துக்காக வந்த பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகம் போன பிறகும் அதே மேசைக்கு வருகிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தல் போட்டவர்களுக்கு யார் கையெழுத்து வைத்தார்கள்? கிடுகுப் பந்தல், நாலு மண்பானை, மோர், சர்க்கரைத் தண்ணி, ஊறுகாய்த் தண்ணி. ஊறுகாய்த் தண்ணியின் அந்த உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் வெயில் இறங்கிவிடும். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் நடந்து போன சனத்துக்கு வழியெல்லாம் யாரோ பெயர் தெரியாதவர்கள் செம்பு நீட்டினார்கள். செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் உயிர் பிடித்துக்கொண்டது கஞ்சியால்தான். அதனால்தான் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்குகிறோம். 2024 மே மாதத்தில் திருகோணமலையின் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பிடித்து அடைத்தார்கள். கஞ்சி கொடுப்பதற்கே பயப்பட வேண்டிய மண்ணிலும் எங்கள் பெண்கள் கொடுக்கிறார்கள். ஒரு பயமும் இல்லாத மண்ணில் நாங்கள் கணக்குப் பார்க்கிறோம்.

இந்தக் கணக்கின் விலை எனக்கு இரண்டு அன்னையர் தினங்களில் தெரிந்தது. ஒன்று, 2019 மே 12. ராப்டர்ஸுக்குப் பிலடெல்பியாவோடு தொடரின் ஏழாவது ஆட்டம், 90க்கு 90. மூலையில் எதிரணி வீரர் எம்பீடின் கைக்கு மேலால் எங்கள் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது. நேரம் முடிந்திருந்தது. அடுத்த மாதம் 13ஆம் திகதி கோப்பை வந்தது. 17ஆம் திகதி ஊர்வலம். டவுன்டவுன் முழுக்கச் சனம், பத்து லட்சத்துக்கு மேல் என்றார்கள். தெருக்கள் மூடப்பட்டன, ஊர்வலம் மணிக்கணக்கில் பிந்தியது, அலுவலகங்கள் வெறுமையாகின. நகரமே அதைப் பெருமையென்று கொண்டாடியது. எங்கள் பிள்ளைகளும் அங்கே விளக்குக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அது சந்தோஷ நாள்தான்.

ஆனால் பத்து வருடத்துக்கு முன்னர் இன்னொரு அன்னையர் தினம் இருந்தது. 2009 மே 10. முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இதே டவுன்டவுனில், ராப்டர்ஸ் ஆடும் விளையாட்டரங்கின் பக்கமாகப் போகும் கார்டினர் நெடுஞ்சாலையில் எங்கள் சனம் ஏறி உட்கார்ந்தது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் ஏறினார்கள். அன்று இரவு வானொலியில் கேட்டதெல்லாம் போக்குவரத்துத் தடைப்பட்ட கோபம். செத்துக்கொண்டிருந்தவர்களின் கதை இரண்டாம் பட்சமாகப் போனது. ஒரு பந்துக்காக நாள்முழுக்க வழிவிட்ட நகரம், உயிருக்காகச் சில மணித்தியாலம் வழிவிட மனம் வைக்கவில்லை. இந்த வலி எனக்குள் இன்னும் இருக்கிறது, இருக்கும். மனிதர் சாவது தவறென்று சொல்ல ஒரு நகரத்துக்கு எங்களைத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அது இந்த நகரத்தின் பிழை.

என்றாலும், பழகாத வீட்டுச் செத்தவீட்டுக்குச் சனம் வராது என்பதும் ஊர் அறிந்த விஷயம். கால் நூற்றாண்டு இங்கே வாழ்ந்தும், 2009இல் பக்கத்து வீட்டுக் கனடாக்காரருக்கு எங்களைத் தெரியாமலே இருந்தது. கோயில் கட்டினோம், கடை கட்டினோம், ஊருக்குக் காசு அனுப்பினோம். ஊருக்கு அனுப்பியது சரி, அதில் ஒரு சதம்கூடக் குறையக்கூடாது. ஆனால் இந்த நகரத்தின் கஷ்டத்தில் எங்கள் முகம் யாருக்கும் தட்டுப்படவில்லை. வேலைக்குப் போனால் சம்பளத்துக்காகப் போகிறவர்கள். தெருவில் நின்றால் எங்கள் பிரச்சினைக்காக நிற்கிறவர்கள். அப்படித்தான் அறியப்பட்டோம். சீக்கியர்களை இந்தத் தேசம் லங்கரால் அறிந்திருக்கிறது.

எங்களுக்கு முதல் பந்தி வைத்தவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் விடப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றியவர் கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்டன். மொழி தெரியாது, நாடு தெரியாது, ஏன் வந்தார்கள் என்று தெரியாது. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் விவாதம் பிறகுதான் வந்தது. முதலில் ஏற்றினார்கள், முதலில் சாப்பாடு கொடுத்தார்கள். முதல்ல எங்கட சனத்துக்குச் செய்வம் என்று அந்த மீனவர்கள் நினைத்திருந்தால்?

ஆகவே இளையவர்களின் யோசனை முழுக்கச் சரி என்பதே என் முடிவு. பந்து பார்க்கக் கூடுகிற சனம் ஒரே உடுப்பில், ஒரே குரலில் இருக்கிறது. தொண்டுக்கு ஆள் திரட்ட இதைவிட நல்ல வேளை வாய்க்காது. ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் இருக்கிற ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும், ஒவ்வொரு கோயிலும் இந்தச் சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையில் ஒரு சனிக்கிழமையைப் பக்கத்து உணவு வங்கிக்குக் கொடுக்கட்டும். போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து எத்தனை பேர் தேவை என்று கேளுங்கள். பொருளாகக் கொடுப்பதென்றால் அரிசி, பருப்பு, கடலை, குழந்தைப் பால்மா. முடிந்தால் காசாகக் கொடுங்கள், மொத்தமாக வாங்குவதால் அவர்கள் கையில் அது கூடச் செல்லும். ஈஸ்டர் முடிந்தால் நன்கொடை வடியத் தொடங்கிவிடும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும், அங்கே காலைச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அதுவும் நின்றுவிடும்.