நாவலாசிரியனின் ஆண்டுக் கணக்கு

ஆண்டு பிறந்தால் வணிகர் புதுக் கணக்கேடு திறப்பர். சென்ற ஆண்டின் வரவு, செலவு, நிலுவை யாவற்றையும் முடித்துவிட்டு, புதிய ஏட்டின் முதற்பக்கத்தில் கைவசமுள்ள இருப்பை எழுதி வைப்பர். எழுத்தாளனும் தனக்கென்று அப்படியோர் ஏடு திறந்தால் என்ன? எழுத்து மனத்தின் வேலை, அதற்குக் கணக்கு எதற்கு என்று கேட்பார் உளர். கவிதைக்கும் சிறுகதைக்கும் அக்கூற்று ஓரளவு பொருந்தலாம். நாவலுக்குப் பொருந்தாது என்பதே நாம் பட்டறிந்த உண்மை.

கவிதை எழுதியவர் அன்று மாலையே அதனை நண்பரிடம் படித்துக் காட்டலாம். சிறுகதை எழுதியவர் அடுத்த மாதமே அதனை அச்சில் காணலாம். நாவல் எழுதுபவரின் நிலையோ வேறு. இரண்டாண்டு, மூவாண்டு, சில வேளை பத்தாண்டு, யாதொரு சான்றுமின்றித் தம்மைத் தாமே நம்பிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் அந்த நம்பிக்கை தளர்ந்தால் தேற்றிக் கொள்ளக் கையில் ஒன்றும் இராது. பாதி கட்டிய வீட்டில் எவரும் குடியிருப்பதில்லை; பாதி எழுதிய நாவலை எவரும் படிப்பதுமில்லை.

நமது முதல் நாவல் அச்சேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டாம் நாவலின் கையெழுத்துப் படியை ஒரு பதிப்பகத்தார் நான்காண்டுகள் வைத்திருந்து, ஒரு வரி விளக்கமுமின்றித் திருப்பி அனுப்பினர். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நாவல் எழுதும் கை எழவேயில்லை. மலர்களுக்குக் கட்டுரை எழுதினோம். பிறர் நூல்களுக்கு அணிந்துரை எழுதினோம். மேடையில் எவரேனும் 'நாவலாசிரியர் அவர்களே' என்று விளித்தால், பின்னால் வேறெவரோ நிற்பது போலத் தோன்றும்.

இதற்கிடையே எழுத வேண்டிய கதை ஒன்று இருந்தது. சபர் போன ஆண்மக்களை எதிர்பார்த்து ஒரு கடலோர ஊரின் பெண்கள் வாழ்ந்த வாழ்வு அது. அக்கதையின் கருவூலம் எண்பத்தொரு வயதான நம் லாத்தா அவர்களின் நினைவுதான். "தம்பி, நான் கண்ணோட இருக்கும்போதே முடிச்சிடுவியா?" என்று ஒருநாள் கேட்டார்கள். ஒன்பதாண்டுத் தயக்கத்திற்கு முடிவு கட்டியது அக்கேள்வியே.

முதலில் முன்னோர் எவ்வாறு செய்தனர் எனத் தேடிப் பார்த்தோம். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரலோப் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். 1847-இல் வெளிவந்த முதல் நாவலும் அதையடுத்து வந்த இரண்டும் விலை போகவில்லை. 1855-இல் வெளியான 'தி வார்டன்' நாவலே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. நாள்தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். நாவல் ஒன்றைத் தொடங்கும்போதே வாரவாரியாகக் கட்டமிட்ட நாட்குறிப்பு ஒன்றை ஆயத்தம் செய்து, எழுதிய பக்கங்களை அன்றாடம் அதில் பதிவார். எழுதாத நாள் வெற்றிடமாக நின்று அவரை உறுத்தும். இவ்விதம் அவர் எழுதிய நாவல்கள் 47. அவர் மறைந்தபின் 1883-இல் தன்வரலாறு வெளிவந்து இம்முறை உலகிற்குத் தெரிந்தபோது, இது கலையா, தொழிற்சாலையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

அமெரிக்கரான ஜான் ஸ்டைன்பெக் 1938-ஆம் ஆண்டின் மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதினார். அந்நாட்களில் உடனுக்குடன் ஒரு நாட்குறிப்பும் எழுதி வந்தார். பின்னாளில் அது நூலாக வந்தது. தமக்கு எழுத்துத் திறமை இல்லையென்ற அச்சம் அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆயினும் மறுநாளைய பக்கம் தவறாது எழுதப்படுகிறது. 1939-இல் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஐயம் தீர்ந்த பிறகு எழுதியவரல்லர் அவர். ஐயத்தை உடன் வைத்துக்கொண்டே எழுதியவர்.

எகிப்தின் நஜீப் மஹ்ஃபூஸ் 1971 வரை அரசு ஊழியராக இருந்துகொண்டே எழுதியவர். கெய்ரோ முந்நாவல் வரிசையை 1952-இல் எழுதி முடித்தபின், சில ஆண்டுகள் நாவல் எழுதாதிருந்தார். 1959-இல் 'அல் அஹ்ராம்' நாளிதழில் புதிய தொடருடன் திரும்பினார். 1988-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1994-இல் கத்திக்குத்துக்கு ஆளாகி வலக்கை நரம்பு பாதிக்கப்பட்டபின், ஒரு நாளில் சிறிது நேரமே பேனா பிடிக்க முடிந்தது. அந்தச் சிறிது நேரத்திற்கேற்பத் தம் எழுத்தைச் சுருக்கிக் கொண்டு, கனவுகளைச் சிறுசிறு சித்திரங்களாக எழுதினார். பேரளவு இயலாதபோது சிற்றளவை வகுத்துக் கொள்வதும் ஒரு திட்டமே.

நம்மவரில் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களை எண்ணிப் பார்க்கலாம். மிளகாய் வணிகம் செய்தவர். தமிழை மலையாள எழுத்தில் எழுதியவர். அவரது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்து வடிவமே கைவராத நிலையை ஒரு தடையாகக் கொள்ளாதவர் முன், நம் தயக்கத்தின் எடை என்ன?

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு ஓர் ஆண்டுத் திட்டம் வகுத்தோம். இவ்வாண்டு பதிப்பிப்பது, பரிசு பெறுவது, பாராட்டுப் பெறுவது ஆகியவை அதில் இடம்பெறவில்லை. அவை பிறர் கையில் உள்ளவை. பிறர் கையிலுள்ளதை நம் இலக்காக வைத்தால், நாம் உழைத்தும் தோற்கக்கூடும். தோல்வி மேலும் நெஞ்சைக் குலைக்கும். நம் கையில் உள்ளவை மூன்றே: அமரும் நேரம், எழுதும் அளவு, படித்துக் காட்டும் துணிவு.

கணக்கு எளியது. நாவலுக்கு 75,000 சொற்கள் போதுமென்று கொண்டோம். நாளொன்றுக்கு 300 சொற்கள். ஆண்டில் 250 நாட்கள். மீதமுள்ள 115 நாட்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். நோன்பு மாதம் முழுதும், இரு பெருநாட்கள், உறவினர் திருமணங்கள், காய்ச்சல், விருந்தினர் யாவும் அதனுள் அடக்கம். 365 நாளும் எழுதுவதாகச் சபதம் செய்பவர் முதல் வாரத்துத் திருமணத்திலேயே அதனை இழப்பார். விடுபடும் நாட்களுக்கும் இடம் வைத்த திட்டமே நிலைக்கும். அத்துடன், மாதம் ஒரு நாவல் படிப்பது, ஓர் அத்தியாயம் முடிந்தவுடன் லாத்தாவிடம் படித்துக் காட்டுவது என இரண்டு கடமைகளைச் சேர்த்துக் கொண்டோம்.

முதல் மாதம் 300 சொற்கள் 3,000 போலக் கனத்தன. எழுதியது நன்றாயில்லை என்று மனம் சொல்லும். நன்மை தீமை பார்ப்பது அடுத்த ஆண்டின் வேலை, இவ்வாண்டின் வேலை எண்ணிக்கை என்று நாம் பதில் சொல்வோம். மூன்றாம் மாதத்தில் மனத்தின் அந்தக் குரல் ஓயவில்லை. ஆனால் அதன் பேச்சுக்குக் காத்திருக்கும் வழக்கம் நமக்கு ஓய்ந்துவிட்டது.

சபராளி ஊர் திரும்பும் அத்தியாயத்தை லாத்தாவிடம் படித்தபோது, அவர்கள் கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, "பெட்டியைத் திறந்ததும் முதல்ல சவுக்கார வாசம்தான் வரும், அப்புறந்தான் ஆளு வந்த நெனப்பே வரும்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் நமக்கு நூறு அணிந்துரைகளுக்கு மேலானது. எழுதிய பக்கம் ஒன்று அவர்கள் முன் இருந்ததனால் அல்லவா அந்த நினைவு எழுந்தது? எழுதாதிருந்த ஒன்பதாண்டில் அவர்களும் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆண்டிறுதியில் கூட்டிப் பார்த்தோம். 250 நாட்களில் 207 நாட்களே அமர்ந்திருந்தோம். 75,000 சொற்களில் ஏறத்தாழ 58,000 எழுதியிருந்தோம். வணிகக் கணக்கில் இது குறைவு. ஆனால் முந்தைய ஒன்பதாண்டின் இருப்பு சுழியமாயிருந்தது என்பதையும் ஏடு காட்டியது. எஞ்சிய 17,000 சொற்களுக்கு நாளொன்றுக்கு அதே 300 வீதம் 57 நாட்களே தேவை. ஒன்பதாண்டு மலையாக நின்றது இரண்டு மாத வேலையாகச் சுருங்கியிருந்தது. நெஞ்சுறுதி என்பது எழுதுவதற்கு முன் வந்து சேர வேண்டிய முதலீடு என்று எண்ணியிருந்தோம். அது எழுதிய பின் கிடைக்கும் வட்டி என்று இப்போது தோன்றுகிறது.

வாசக அன்பர்களுக்கும் ஒரு சொல். தமிழின் முதல் நாவல் 1879-இல் வெளிவந்தது; ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை அவர்கள் 'அசன்பே சரித்திரம்' தந்தார்கள். அதிகம் பள்ளி சென்றறியாத நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார்கள். நம் சமூகத்தில் நாவல் புதுப் பழக்கமன்று. உங்கள் இல்லத்திலும் எழுத்தை நிறுத்திவிட்ட மகளோ, மருமகளோ, வாப்பாவோ இருக்கக்கூடும். அவரிடம் 'எப்போது நூல் வரும்?' என்று கேட்காதீர்கள். 'இன்று எத்தனை வரி?' என்று கேளுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் அவர் அறைக்கதவைத் தட்டாதிருங்கள். மாதம் ஒருமுறை, அவர் படிக்க, அமர்ந்து கேளுங்கள். பல நாவல்கள் இந்த மூன்றும் கிட்டாமையால்தான் பாதியில் நின்றுபோகின்றன.