பத்தொன்பது பேர்

திருப்பூரில் என் பனியன் யூனிட்டில் 34 பேர் வேலை பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டில் 19 பேர். 2011-லிருந்து 2022 வரை அந்தப் பத்தொன்பது மாறவே இல்லை. ஆள் போவார், ஆள் வருவார், எண்ணிக்கை மட்டும் அசையாது. இருபது பேர் ஆகிவிட்டால் பி.எஃப். கட்டியாக வேண்டும் என்பதுதான் காரணம். ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரிலேயே வந்துவிடும். அதைப் பத்தொன்பது பேருக்கும் தேதி தவறாமல் கட்டி, நல்ல முதலாளி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன். மீதிப் பதினைந்து பேரின் கணக்கு என் மேசை டிராயரில், ஒரு நீள நோட்டில், பென்சிலில் இருந்தது.

ஒரு சித்திரை வெயிலில், ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பதினைந்து பேரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். செக்கிங் பார்க்கும் அக்கா, பிசிறு வெட்டும் கத்தரியும் தூக்குப்போசியுமாகப் படியேறினார். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, விட்ட பீஸை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார். முகம் கன்றிப் போயிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், வடையோடு.

"ஆளுங்களே பிடித்தம் வேண்டாங்கறாங்க" என்று எங்கள் ஊரில் சொல்லாத முதலாளி இல்லை. பொய்யில்லை. சனிக்கிழமை சம்பளத்தில் இருநூறு குறைந்தாலும் வீட்டில் இடிக்கும். அவர்கள் அப்படிச் சொன்னபோதெல்லாம் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். 9,000 ரூபாய் மாதச் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதம், 1,080 ரூபாய். அதில் சுமார் 750 ரூபாய் பென்சன் கணக்குக்குப் போக வேண்டியது. 34 பேருக்கும் அது என் பையில் தங்கியது.

2022-ல் எல்லோரையும் சேர்த்தேன். மனம் திருந்தியெல்லாம் இல்லை. பையர் ஆடிட் வருகிறது, பி.எஃப். சலான் இல்லாவிட்டால் ஜாப் ஒர்க் கிடையாது என்று எக்ஸ்போர்ட்டர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அப்போது 53 வயது. "ஏனுங்க தம்பி, இனி எனக்கும் பென்சன் வருமுங்களா?" என்றார். பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்சன் உண்டு. என்னிடம் பதினொரு வருடம் உழைத்தவர், ஏட்டில் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தார். "பாக்கலாங்கக்கா" என்றேன்.

ஆடிட்டரிடம் கேட்டுப் பார்த்தேன். பழைய பாக்கியைக் கட்டலாம், ஆனால் இரண்டு பங்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும், வருடத்துக்கு 12 சதவீத வட்டி, அபராதம் தனி என்றார். அந்த வருடம் இரண்டு புது ஓவர்லாக் மிஷின் வாங்கினேன். பாக்கியை இன்னும் கட்டவில்லை.