அட்டை கைமாறும் அறை

ஜோடிகளுக்கு வகுப்பு நடத்துகிறவரிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மனும் ஸ்காட் ஸ்டான்லியும் வளர்த்தெடுத்த 'ப்ரெப்' பாடத்தில் ஒரு சின்ன அட்டை போதும். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். தன் மனதில் உள்ளதை மட்டும், சுருக்கமாக. மற்றவர் காதில் விழுந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுத்துப் பேசக் கூடாது.

கேட்க எளிது. ஆனால் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "வாடகைப் பணத்தைச் சொல்லாம எடுத்தது உனக்கு வலிச்சிருக்கு, அதுதானே?" என்று கேட்பது ஒரே நாளில் யாருக்கும் வராது. நடத்துகிறவர் பக்கத்தில் நின்று, தீர்ப்புச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, மறுபடி மறுபடி செய்யவைக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். பொதுப்பணத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க மாநிலங்கள் சில சுலபமான வழியைப் பிடித்தன. டெக்ஸாஸில் 8 மணி நேர வகுப்பை முடித்தால் திருமண உரிமக் கட்டணத்தில் 60 டாலர் குறையும். ஃப்ளோரிடாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 4 மணி நேரமே கேட்கிறது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு இது நல்லதுதான். குழந்தை பிறக்கப்போகிறது, கல்யாணம் முடிவாகவில்லை, கையில் காசும் இல்லை என்று நிற்கிறவர்களை இது எட்டாது.

அவர்களுக்காகவே அமெரிக்க மத்திய அரசு 'பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலிஸ்' திட்டத்தை எட்டு இடங்களில் நடத்திப் பார்த்தது. 5,000க்கும் அதிகமான ஜோடிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் திட்டத்தில் சேர்த்து, மேத்மெட்டிகா நிறுவனம் ஆராய்ந்தது. மொத்தமாகப் பார்த்தால் உறவின் தரம் உயரவில்லை, கல்யாணங்களும் கூடவில்லை.

ஓக்லஹோமா நகரம் மட்டும் தனித்து நின்றது. அங்கே பாடம் 30 மணி நேரம்தான்; மற்ற இடங்களில் அதைவிட நீளம். வகுப்புக்கு வந்தவர்களுக்கு 'கிரிப் கேஷ்' கிடைத்தது. அதைக் கொடுத்து அங்கிருக்கும் கடையிலேயே குழந்தைச் சாமான்கள் வாங்க முடிந்தது. ஜோடிகளில் 45 சதவீதம் பேர் பாடத்தின் பெரும்பகுதியை முடித்தார்கள். மற்ற இடங்களில் அது சராசரியாக 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, பிறந்தது முதல் தாய் தந்தை இருவரோடும் வாழ்ந்த குழந்தைகள் அங்கே 49 சதவீதம். திட்டத்தில் சேராத பிரிவில் 41. இதில் எந்த அம்சம் பலன் தந்தது என்று ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வகுப்பறையை அறிந்தவர்களின் கண் அந்த வருகைக் கணக்கின் மேல்தான் நிற்கும். வராத ஜோடிக்கு எந்தப் பாடமும் உதவாது.

அந்த எட்டு இடங்களில் ஒன்றான பால்டிமோரை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. 15 மாதம் கழித்து அங்கே திட்டத்தில் சேர்ந்த ஜோடிகளில் 59 சதவீதம் பேரே காதல் உறவில் நீடித்தார்கள், சேராத பிரிவில் 70. பெண்கள் மீது கடுமையான அடிதடியும் கூடியிருந்தது. வேற்றுமைகள் பிறகு பெரும்பாலும் மறைந்தாலும், அதில் கற்க வேண்டிய பாடம் உண்டு. அடிக்குப் பயந்து வாய்மூடியிருக்கும் பெண்ணின் கையில் பேச்சு அட்டையைக் கொடுப்பது ஆபத்து. சேர்க்கும்போதே இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரிக்கவும், இடையில் ஒருத்தியின் முகம் மாறினால் மறுபடி தனியே கேட்கவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பாடப்புத்தகத்துக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் அவருடைய சம்பளத்தை ஒதுக்க வேண்டும்.