குல்மார்க்: ஒரே மலை, நாலு பனி... எந்த ஸ்கீ?

ஊட்டி போனா தொட்டபெட்டா ஏறாம யாரும் திரும்ப மாட்டோம். ஸ்வெட்டருக்குள்ள நடுங்கிக்கிட்டே ஒரு போட்டோ, சூடா ஒரு மிளகாய் பஜ்ஜி, அப்புறம் 'இதுக்கு மேல தமிழ்நாட்டுல உயரம் கிடையாதுடா' என்று ஒரு பெருமை. அதோட உச்சி 2,637 மீட்டர். இப்ப கொஞ்சம் வடக்கே பாருங்க. காஷ்மீரில் குல்மார்க் என்று ஒரு ஊர். அந்த ஊரின் தரைமட்டமே சுமார் 2,650 மீட்டர்! நமக்கு மலை முடியுற உயரத்துலதான் அவங்களுக்கு மலையே ஆரம்பிக்குது.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நடுவில் டங்மார்க் என்ற ஊர் வரும். பனி கொட்டியிருந்தா, அங்கிருந்து மேலே போக டயருக்குச் சங்கிலி கட்டணும். ஃபிர் மரங்களுக்கு நடுவே வளைஞ்சு வளைஞ்சு 13 கிலோமீட்டர் ஏறினா, திடீர்னு ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். கோடையில் பூவாப் பூக்கிற புல்வெளி அது. 1973-ல் ராஜ் கபூர் எடுத்த 'பாபி' படத்துக்கு இங்கேதான் ஷூட்டிங். அந்தக் குடிசை முன்னாடி இன்னிக்கும் செல்ஃபி கூட்டம் அள்ளுது.

ஆனா பனிச்சறுக்குப் பைத்தியங்கள் அந்தக் குடிசையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அவங்க கண்ணெல்லாம் கோண்டோலா மேலதான். நம்ம பழனி ரோப்காருக்குப் பெரியண்ணன் என்று வெச்சுக்கோங்க. முதல் கட்டம் 1998-ல் தொடங்கியது. கோங்டூரி வரைக்கும் போகும், சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தது. அது உங்களை அஃபர்வாட் மலையின் தோளில், 3,900 மீட்டருக்கு மேல கொண்டுபோய் இறக்கிவிடும். காற்று மெலிசு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அங்கிருந்து ஊர் வரைக்கும் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் சறுக்கல்!

இங்கேதான் நம்ம கேள்வி வருது. காலில் எந்த ஸ்கீ?

நாலு விதமான பனி

வாடகைக் கடைக்குள்ள நுழைஞ்சதும் சுவர் பூரா சாய்ச்சு வெச்சிருப்பாங்க. குட்டை, நெட்டை, ஒல்லி, குண்டு. எல்லா கலரும் இருக்கும். எதைக் கேட்டாலும் 'ஆல் மவுன்டன் சார், எங்கே வேணா போகலாம்' என்று பதில் வரும். ஆல் மவுன்டன் என்றால் 'எல்லாத்துலயும் பெஸ்ட்' என்று அர்த்தம் இல்லைங்க. 'எதிலும் உங்களைக் கைவிடாது' என்றுதான் அர்த்தம். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

குல்மார்க்கில் மேலிருந்து கீழே ஒரே ஒரு தடவை இறங்கினாலே நாலு வகைப் பனியைப் பார்த்துடலாம். உச்சியில் காற்று அடிச்சு அடிச்சு இறுகின பனி, மேலே அப்பளம் மாதிரி ஓடு. அதுக்குக் கீழே கிண்ணத்துக்குள்ள பஞ்சு மாதிரி புதுப் பனி. இந்தப் பஞ்சுக்காகத்தான் உலகம் பூராவிலிருந்தும் ஆளுங்க வர்றாங்க. கோங்டூரி பக்கம், பத்துப் பேர் போய்த் தாறுமாறா கிழிச்சுப்போட்ட பனி. கடைசியா ஊர்ப் பக்கம் மெஷின் அழுத்திவிட்ட பாதை. அது காலையில கான்கிரீட், மத்தியானம் வெயில் பட்டா கூழ்.

எண்ணிக்கையில சொன்னா இன்னும் நல்லாப் புரியும். புதுசா விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50-லிருந்து 100 கிலோதான் இருக்கும். காற்று அழுத்தின பனி 350, 400 கிலோ வரைக்கும் போகும். சுத்தமான ஐஸ் 917 கிலோ. ஒரே இறக்கத்துல பஞ்சும் கட்டாந்தரையும்! ஒரே ஜோடி ஸ்கீ இது அத்தனையையும் சமாளிக்கணும்.

ரேஸ்காரங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. டங்மார்க் பக்கத்துப் பையன் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர். ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் என்று ரெண்டு போட்டி. ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைஞ்சபட்ச நீளம் 165 செ.மீ. என்பது விதி. ஜெயன்ட் ஸ்லாலத்துக்கு அதே விதி 193 செ.மீ. ஆக, போட்டிக்கு ஒரு ஜோடி. ஜெயன்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம் வந்தார். நமக்கு இருக்கிறது ஒரே ஜோடி, அதுவும் வாடகைக்கு!

பலகையைப் படிக்கக் கத்துக்குங்க

ஸ்கீ மேல 130-90-114 என்று மூணு நம்பர் இருக்கும். முனை, இடுப்பு, வால் மூணுக்கும் அகலம், மில்லிமீட்டரில். முதலில் பார்க்க வேண்டியது நடு நம்பரை. இடுப்பு 80-க்குக் கீழே இருந்தா அழுத்திவிட்ட பாதையில் கத்தி மாதிரி வெட்டும், பஞ்சுப் பனியில் முங்கும். 105-க்கு மேல போனா பஞ்சில் மிதக்கும், கட்டிப் பனியில் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குச் சாய்க்கவே முழங்கால் கெஞ்சும். 85-லிருந்து 100 வரைக்கும் இருக்கிறதுதான் ஆல் மவுன்டன் ஏரியா.

அகலம் எவ்வளவு உதவும்? பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். உடுப்பு, பூட்ஸ் எல்லாம் சேர்த்து நீங்க 70 கிலோ என்று வெச்சுக்குவோம். வெறும் பூட்ஸோட நின்னா, ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல அழுத்தம். இடுப்பு வரைக்கும் புதைஞ்சுடுவீங்க. 175 செ.மீ. நீளத்தில் 80 இடுப்பு ஸ்கீ மாட்டினா அது சுமார் 200 கிலோவாகக் குறையும். 100 இடுப்பு மாட்டினா? சுமார் 175. பாருங்க, பெரிய வேலையை ஸ்கீ என்ற பொருளே முடிச்சுடுது. இருபது மில்லிமீட்டர் அகலம் அதுக்கு மேல ஒரு போனஸ், அவ்வளவுதான்.

அடுத்தது வளைவு. முனையும் வாலும் அகலம், இடுப்பு ஒல்லி என்றால், சாய்ச்சு அழுத்தினதும் ஸ்கீ ஒரு வட்டத்தின் துண்டாக மாறும். 130-90-114-ல் ரெண்டு முனைக்கும் சராசரி 122. இடுப்பைக் கழிச்சா 32, பாதி 16 மி.மீ. தரையில் படுற நீளம் ஒன்றரை மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தை 16 மி.மீ.யின் எட்டு மடங்கால் வகுங்க. ஆரம் 17, 18 மீட்டர் வரும். நடுத்தரமான எண். சின்ன வளைவும் போடலாம், கொஞ்சம் வேகமாவும் போகலாம். இந்தக் கணக்குதான் 1993-ல் எலான் கம்பெனியின் 'எஸ்.சி.எக்ஸ்' மூலமா பனிச்சறுக்கையே மாத்திப் போட்டது. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஸ்கீ கிட்டத்தட்ட நேர்க்கோடு. வளைக்க வருஷக்கணக்கில் பழகணும்.

மூணாவது, கடையிலேயே செய்யலாம். ரெண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்டினாப்புல சேர்த்துப் பிடிங்க. நடுவில் இடைவெளி தெரிஞ்சா, பில்லு மாதிரி வளைஞ்சிருக்கு என்று அர்த்தம். கட்டிப் பனியில் பிடிமானம் தரும். முனையில் மட்டும் வாய் பிளந்து நின்னா, அது பஞ்சுப் பனியில் தலையைத் தூக்கிக்கும். நமக்கு ரெண்டும் வேணும்: நடுவில் வில், முனையில் கொஞ்சம் வாய்.

சரி, நான் எதை எடுக்கட்டும்?

என் பதில் ஒரே வரி. உங்க நாளின் சூப்பரான அஞ்சு நிமிஷத்துக்கு ஸ்கீ எடுக்காதீங்க, மோசமான அரை மணி நேரத்துக்கு எடுங்க.

முதல் தடவையா? இந்த மலைமேல் ஏறுகிற எண்ணத்தையே விட்டுடுங்க. ஊர் நடுவில் இருக்கிற சரிவே போதும். இடுப்பு 75-லிருந்து 85, உங்க தாடை உயரம், கையால அழுத்தினா வளையுற மாதிரி மெதுவானது. 1968-லிருந்தே இங்கே அரசு நடத்தும் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் இருக்கு. முறையா கத்துக்கிட்டு வாங்க.

ரெண்டு, மூணு சீசன் பழகி, கோங்டூரியிலிருந்து விழாம இறங்குறீங்களா? 85-லிருந்து 92, மூக்கு உயரம். உங்க மோசமான அரை மணி நேரம் காலையில் அந்தக் கான்கிரீட் பாதை. அங்கே ஓரம்தான் காப்பாத்தும், அகலம் இல்லை.

உச்சியிலிருந்து தைரியமா இறங்குற ஆளா? 95-லிருந்து 102, தலை உயரம். அப்பளப் பனியிலும் கிழிஞ்ச பனியிலும் முனை தட்டாமல் போக இது வேணும். 115 எடுத்தா பஞ்சில் சொர்க்கம்தான். ஆனா சாயங்காலம் ஊர்ப் பாதையில் வரும்போது முழங்கால் பேசும்!

ரேக்கில் எதை எடுத்தாலும் விரல் நகத்தை இரும்பு ஓரத்துக்குக் குறுக்கே லேசா இழுங்க. நகத்தூள் உதிர்ந்தா கூர்மை இருக்கு. உதிரலையா, தீட்டித் தரச் சொல்லுங்க. பைண்டிங்கை உங்க எடை, உயரம், வயசு, திறமை, பூட்ஸ் அடி நீளம் எல்லாம் கேட்டுத்தான் திருகணும். கேட்காமலே மாட்டிவிட்டா, நீங்களே சொல்லுங்க. விழும்போது அது கழலணும்; கழலலைன்னா திரும்புறது உங்க முழங்கால்.

இன்னொண்ணு, பூட்ஸ்தான் முதல் வேலை, ஸ்கீ ரெண்டாவது. நிமிர்ந்து நின்னா விரல் முன்னால் லேசா தொடணும்; முழங்காலை மடக்கினா விலகணும். குளிருதேன்னு மூணு சாக்ஸ் போடாதீங்க. ரத்த ஓட்டம் நின்னு இன்னும் குளிரும். மெல்லிசா ஒண்ணு போதும்.

அகலம் தராத ஒண்ணு

அகலமான ஸ்கீ காலில் இருந்தா எங்கே வேணா போகலாம் என்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புதான் ஆபத்து. கோண்டோலாவுக்குக் கீழே இருக்கிற பெரிய கிண்ணத்தை ரோந்துக்காரங்க பார்த்துக்குறாங்க. அந்த எல்லையைத் தாண்டினா மலை உங்களுடையது, பனிச்சரிவும் உங்களுடையது. 2023 பிப்ரவரியில் அஃபர்வாட் பக்கம் ரெண்டு போலந்து நாட்டவர் இறந்தாங்க. 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். 30-லிருந்து 45 டிகிரி சரிவுதான் பனிச்சரிவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சறுக்குறவங்களுக்கும் அதேதான் பிடிக்கும். புதைஞ்சா முதல் பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான் கணக்கு. அதனால சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி, இந்த மூணும் தெரிஞ்ச உள்ளூர் வழிகாட்டி. நாலும் இல்லாம எல்லை தாண்டாதீங்க. எந்த ஸ்கீயும் இதுக்கு ஈடு கிடையாது.

அகலத்துக்கு இன்னொரு எதிரி வானம். காஷ்மீருக்குப் பனி கொண்டுவர்றது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறுகள். அது தவறினா எல்லாம் தவறும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பா கிடந்தது. மாசக் கடைசியில்தான் பனி வந்துச்சு. 2025-ல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பனி இல்லாம பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவெச்சாங்க. ஸ்லெட்ஜ் இழுக்கிறவரிலிருந்து ஸ்கீ வாடகைக்கு விடுறவர் வரைக்கும் அந்த வாரங்களில் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அந்த மாதிரி வருஷத்தில் 115-ஐ மாட்டிக்கிட்டுப் போனா, புல்லுக்கு நடுவே இருக்கிற ஒத்தை ஐஸ் பாதையில் வழுக்கிக்கிட்டுதான் இருக்கணும்.

அதனால டிக்கெட் போடும்போது ஸ்கீயை முடிவு பண்ணாதீங்க. குல்மார்க் போய்ச் சேருங்க. அன்னிக்குக் காலையில் பனியை பூட்ஸால ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க. 'நொறுக்'னா ஒல்லி, 'புஸ்'ஸுன்னா குண்டு. மறுநாள் பனி மாறினா, கடைக்காரர்கிட்டே போய் மாத்திக்குங்க. வாடகைக்கு எடுக்கிறதுல இருக்கிற ஒரே சுகம் அதுதானே!