பேச்சு எங்கே தொடங்குகிறது?

புதுக்கோட்டைச் சீமையில் அன்னவாசலுக்குப் போகிறவர்கள், பக்கத்திலுள்ள சித்தன்னவாசல் குன்றையும் ஏறிப் பார்ப்பது வழக்கம். நாமும் பார்த்தோம். ஏழடிப்பட்டம் என்னும் அக்குகையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழ் எழுத்துக்கள் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. காற்புள்ளிக்கும் மேற்கோட் குறிக்கும் எங்கே போவது!

ஏட்டுச் சுவடிகளின் கதையும் ஏறக்குறைய அதுதான். பிறர் பேச்சு முடியும் இடத்தைக் காட்ட நம் பாஷையில் 'என்று' இருக்கிறது. தொடங்கும் இடத்தைக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. "அதனால் என்ன குடி முழுகிவிட்டது?" என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு சாட்சி கூறியதை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: கந்தன் நான் திருடினேன் என்று சொன்னான். திருடியவன் கந்தனா, சாட்சியா? வாயால் சொல்லும்போது கந்தன் பெயருக்குப் பின் சற்று நிறுத்துவோம், சந்தேகம் எழாது. காகிதத்தில் அந்த நிறுத்தமே காற்புள்ளி. கந்தன், "நான் திருடினேன்" என்று சொன்னான். சாட்சி பிழைத்தான்!

1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரைக் கேட்டால் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் பல, நூலின் பெயரோ ஆசிரியர் பெயரோ இன்றி, 'பிறரும் இவ்வாறு கூறினர்' என்ற அளவில் நின்றன. அவை யார் வாக்கு என்று தேடியதும் அவரைப் பழைய நூல்களிடம் கொண்டு சேர்த்தது.

"மேனாட்டுப் புள்ளி நமக்கு எதற்கு?" என்பாரும் உண்டு. சைவமும் தமிழும் வளர்த்த ஆறுமுக நாவலரே தம் வசன நூல்களில் நிறுத்தக் குறிகளைத் தயங்காமல் கையாண்டார். அதனால் அவர் தமிழ் குறைந்துவிடவில்லை.

முறை எளிது. 'அவர் சொன்னார்' என்பதுபோல் முன்வாக்கியம் சிறிதானால் காற்புள்ளி போதும். அது தானே முற்றுப்பெற்று, பின்வருவதைச் சுட்டி நின்றால் முக்காற்புள்ளி வேண்டும். பிறர் கருத்தை நம் சொல்லில் கூறும்போது, தாம் வரப்போவதில்லை என்று தாத்தா தெரிவித்தார் என்று எழுதினால் போதும். மேற்கோட் குறி கூடாது.

கடைசி விதியே முக்கியமானது. காந்தியடிகள் சொல்லாத வாசகங்கள் எத்தனை அவர் பெயரால் உலாவுகின்றன! மேற்கோட் குறி இடுகிறவன், 'இவை அவர் சொற்களே' என்று சத்தியம் செய்கிறான். அந்தத் துணிவு இல்லாவிட்டால், குறியை எடுத்துவிட்டு நம் பெயரிலேயே பேசுவோமே!