இரண்டும் அணைந்திருக்கும் நேரம்

சென்னை ரிச்சி தெருவையும் அதன் சந்துகளையும் ஒட்டி, இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுதுபார்ப்பவர்களின் மேசைகளைப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால் அதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைப்பது அந்த வேலையில் பாதிதான். மீதிப் பாதி, எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத ஒன்றைச் சரிசெய்வது. பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு மாஸ்ஃபெட்டுகள். நடுமுனையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வயர். இதுதான் ஹாஃப் பிரிட்ஜ். இரண்டும் மாறி மாறித்தான் ஆன் ஆக வேண்டும். சேர்ந்து ஆன் ஆனால் நடுவில் தடுக்க எதுவுமில்லை. லெட் ஆசிட் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும், ஃபியூஸ் விழித்துக்கொள்வதற்குள் மாஸ்ஃபெட் வெடித்திருக்கும். ஆஃப் சிக்னல் வந்த கணமே மாஸ்ஃபெட் அடங்கிவிடுவதும் இல்லை. அதை ஆன், ஆஃப் செய்யும் கேட் முனையில் ஏறிய சார்ஜ் வடிய வேண்டும். அது வடியும்வரை எதிர் மாஸ்ஃபெட்டைக் காக்க வைக்கும் இடைவெளியைத்தான் டெட் டைம் என்கிறார்கள். நானோ செகண்டில் அளக்கப்படும் அந்த நேரத்தில் இரண்டுமே அணைந்திருக்கும்.

இந்தக் கவலை முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அவ்வளவாக இருந்ததில்லை. 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீடுகளுக்குள் வந்த மலிவு இன்வெர்ட்டர்கள் பல ஸ்கொயர் வேவ் வகை. 50 ஹெர்ட்ஸில் ஒரு செகண்டுக்கு 100 முறைதான் கைமாற்றம் நடக்கும். மாற்றத்தின்போது இரண்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் வரும் சூடு குறைவு, ஹீட்சிங்க் அதைத் தாங்கிவிடும். இன்றைய சைன் வேவ் போர்டில் மாஸ்ஃபெட் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிறது. அதாவது செகண்டுக்கு 40,000 கைமாற்றங்கள். அதே சின்ன ஒட்டல் நானூறு மடங்காகப் பெருகுகிறது. பழைய அனுபவத்தை அப்படியே புதிய போர்டில் வைப்பவர் இங்கேதான் அடி வாங்குகிறார்.

என் வாதத்துக்கு வலுவான சான்று, பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் ஒரு மாற்றம். 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்று திரும்பத் திரும்ப எரிந்து வருகிறது. மேல், கீழ் என ஒவ்வொரு கைக்கும் இரண்டு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட்டுகள் இருந்த இடத்தில் ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று நான்கைப் போடுகிறார்கள். கரண்ட் பகிர்ந்துகொள்ளும், சூடு குறையும் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் டேட்டாஷீட்டைத் திறந்தால் இந்த மாஸ்ஃபெட்டின் கேட் சார்ஜ் அதிகபட்சம் 146 நானோகூலும் என்று இருக்கிறது. இரண்டுக்கு 292, நான்குக்கு 584. கேட்டுகளை இயக்கும் டிரைவர் ஐசி மாறவில்லை. ஐஆர்2110 என்றால் உச்சத்தில் சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும். கேட் ரெசிஸ்டரைச் சேர்க்காத தோராயக் கணக்கிலேயே 584-ஐ வடிக்கக் கிட்டத்தட்ட 290 நானோ செகண்ட் ஆகிறது. பரவலாகக் கிடைக்கும் ஈஜிஎஸ்002 சைன் வேவ் போர்டில் டெட் டைமுக்கு நான்கு நிலைகள் உண்டு: 300, 500 நானோ செகண்ட், 1, 1.5 மைக்ரோ செகண்ட். நிலையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் 300-இல் இருந்தால் கையில் மிச்சம் பத்து நானோ செகண்ட். ரெசிஸ்டரையும் சேர்த்தால் அதுவும் போச்சு. பலப்படுத்தப் போட்ட பாகமே போர்டைக் கொல்கிறது. பழியோ பெரும்பாலும் ‘டூப்ளிகேட் மாஸ்ஃபெட்’ மீது விழும். போலிகள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா வெடிப்புக்கும் அதைச் சாக்காகச் சொல்வது சோம்பல் என்றே நினைக்கிறேன்.

‘அப்படியானால் 1.5-இல் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே?’ என்று கேட்கலாம். மேசைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்வும் இதுதான், அவசரத்துக்கு அது போர்டின் உயிரையும் காக்கும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் வாடிக்கையாளர். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 50 மைக்ரோ செகண்ட், அதில் 1.5 போனால் வெளிவரும் வோல்டேஜில் 3 விழுக்காடு பிழை. மொத்த வோல்டேஜை ஃபீட்பேக் சரிக்கட்டிவிடும், அலையின் வடிவத்தைச் சரிக்கட்டாது. கரண்ட் திசை மாறும் இடத்தில் பிழையும் குறி மாறுவதால் அங்கே அலை நெளிகிறது. மின்விசிறி போன்ற மோட்டார்கள் முனகுவதற்கு அதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, டெட் டைமில் கரண்ட் நிற்பதில்லை, மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் பாடி டயோடு வழியாகப் போகிறது. 30 ஆம்பியரில் 8 மில்லிஓம் சேனல் கால் வோல்ட்கூட விழவிடாது. டயோடு ஒரு வோல்ட்டை ஒட்டி விழுங்கும். குறைந்தால் வெடிப்பு, கூடினால் சூடும் முனகலும். ஆகவே இடைவெளியை வேண்டிய அளவுக்குத்தான் வைக்க வேண்டும், அந்த அளவு போர்டுக்குப் போர்டு மாறும்.

இன்னொரு மறுப்புக்குக் கொஞ்சம் வலு அதிகம்: இப்போது டெட் டைமை ஐசியே பார்த்துக்கொள்கிறதே, ஐஆர்2104 டிரைவருக்குள் 520 நானோ செகண்ட் உள்ளமைந்தே வருகிறதே, மனிதத் திறமைக்கு இங்கே என்ன வேலை? ஐசி தன் காலிலிருந்து கிளம்பும் சிக்னலுக்குத்தான் பொறுப்பு. அந்தக் காலுக்கும் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் நடுவே ரெசிஸ்டர், தடம், கேட் சார்ஜ் எல்லாம் இருக்கின்றன. அவற்றை மாற்றியவர் பழுதுபார்த்தவர்தான். கேட்டில் என்ன நடக்கிறது என்று அறிய இரண்டு சேனல் ஸ்கோப் வேண்டும், மல்டிமீட்டர் உதவாது. அதிலும் ஒரு பொறி உண்டு. சாதாரண ஸ்கோப்பின் இரண்டு கிரவுண்ட் கிளிப்புகளும் உள்ளே ஒன்றே. ஒன்றை பேட்டரி மைனஸிலும் மற்றதை மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸிலும் மாட்டினால், அளக்கப் போனவரே கீழ் மாஸ்ஃபெட்டின் குறுக்கே வயர் போட்டதாகிவிடும். அதனால் விவரமானவர்கள் பிரிட்ஜுக்குப் போகும் பேட்டரி பிளஸ்ஸைக் கழற்றிவிட்டு, டிரைவருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து, இரண்டு கிளிப்பையும் மைனஸிலேயே வைத்து, இரண்டு கேட்டுகளையும் ஒரே திரையில் பார்க்கிறார்கள். ஒன்று இறங்கி முடிந்து மற்றது ஏறும்வரை உள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் டிரெயினில் வோல்டேஜ் இல்லாதபோது கேட் சார்ஜின் ஒரு பங்கு வேலைக்கே வருவதில்லை. முழு வோல்டேஜில் ஆஃப் ஆக இன்னும் நேரம் பிடிக்கும். திரையில் சரியாகத் தெரிகிறது என்று நிறுத்துபவரும், அதற்கு மேலும் கொஞ்சம் விட்டுவைப்பவரும் இந்த இடத்தில்தான் பிரிகிறார்கள்.

விட்டுவைத்தது போதுமா என்று பார்க்கும் வழி எளியது. பேட்டரி பிளஸ்ஸில் வண்டி ஹெட்லைட் பல்பு ஒன்றை சீரீஸில் போட்டு, லோடு இல்லாமல் ஆன் செய்கிறார்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது பல்பு ஒரு முறை மின்னி அடங்கினால் நல்லது. நின்று எரிந்தால் எங்கோ இரண்டும் சேர்ந்து ஆன் ஆகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு பல்பை எடுத்துவிட்டு, சும்மா ஓடும் இன்வெர்ட்டரின் ஹீட்சிங்கை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்க்கிறார்கள். லோடே இல்லாமல் அது சூடேறினால் ஜம்பரை அடுத்த நிலைக்கு மாற்றலாம். அல்லது கேட் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறு டயோடு, சார்ஜ் சீக்கிரம் வடியும்படி. அந்த டயோடின் விலை சில ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் இந்தச் சோதனைகளுக்குப் போகும் நேரம், மாஸ்ஃபெட்டுகளைக் கழற்றி மாட்டும் நேரத்தைவிடக் கூடுதல். பில்லில் மாஸ்ஃபெட் எத்தனை என்று எழுத இடமிருக்கிறது, இதை எழுத இடமில்லை. வாடிக்கையாளர் பேரம் பேசுவதும் மாஸ்ஃபெட்டின் விலையில்தான். அதனால் சோதனையை விட்டுவிட்டு அடுத்த போர்டை எடுப்பவருக்கே அன்றைய வருமானம் கூடுகிறது. அவர் திருப்பிக் கொடுத்த போர்டு மறுபடி எரிந்து வந்தால், அதற்கும் கூலி உண்டு.